பேப்பர் பக்கம் சாய்ந்த கிளை

கியோட்டோ நகரில் சியோரி என்ற பெண் இகெபானா கற்றுக்கொடுத்துவந்தார். ஜப்பானியர் பூ வைக்கும் கலை அது. அவரிடம் இசாவோ வந்து சேர்ந்தபோது மற்ற மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மனிதர் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர், குருவைவிட ரொம்ப மூத்தவர். பூவைப் பிடிப்பதும் பிரேக்கைப் பிடிப்பதும் அவருக்கு ஒன்றுதான்.

கலைஞனாகும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. இறந்துபோன மனைவி ஃபுமியே வீட்டுக் கூடத்து மாடத்தில் பூ வைத்ததுபோல, அவளுடைய முதலாண்டு நினைவு நாளில் தானும் வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஃபுமியேயும் சியோரியிடம் படித்தவள்தான்.

நினைவு நாளுக்கு முந்தின நாள் வகுப்பு. இசாவோ ஒரு சிவப்புக் கமேலியாப் பூவையும் பிளம் கிளையையும் எடுத்தார். தண்டுகளைக் குத்தி நிறுத்தும் ஊசித்தட்டில் கிளையைச் செருகி, வலப்பக்கம் நன்றாகச் சாய்த்தார். கண்ணை மூடினால் தெரிகிற அதே கிளை.

சியோரி வந்து மண்டியிட்டு வணங்கிப் பார்த்தார். பிறகு கிளையைப் பிடுங்கிவிட்டார்.

“வாராவாரம் பிடுங்குகிறீர்கள் குருவே. ஏன்?” என்றார் இசாவோ. “எங்கள் வீட்டில் இப்படித்தான் இருந்தது. தினமும் பார்த்தவன் நான்.”

“இன்றுதான் ஏன் என்று கேட்கிறீர்கள். ஃபுமியே இங்கே நான் சொன்னபடி வைப்பார். பூவைத் தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனதும் வலப்பக்கம் சாய்த்துவிடுவாராம். நானும் ஏன் என்று கேட்டேன்.”

“என்ன சொன்னாள்?”

“‘அவர் மாடத்துக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். தலையைத் திருப்பவேமாட்டார். பூதான் அவர் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது’ என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.”

இசாவோ தலையைக் குனிந்துகொண்டார். அப்போதெல்லாம் அடுப்பில் கெட்டில் முனகும். பேப்பர் விளிம்புக்கு மேலே கொஞ்சம் சிவப்பு தெரியும். எவ்வளவு நல்ல காலைகள் அவை என்று நினைத்துக்கொண்டார்.

“நாளைக்கு எந்தப் பக்கம் சாய்ப்பது?” என்று கேட்டார்.

“நாளைக்குப் பூ யாருக்கு?”

“அவளுக்கு.”

“அவர் எங்கே உட்காருவார்?”

இசாவோ யோசித்தார். டீ கொண்டுவருகிற ஃபுமியே நினைவுக்கு வந்தாள். கோப்பையை எடுத்துப்போகிறவள் வந்தாள். துவைத்த துணியை அள்ளிக்கொண்டு போகிறவளும் வந்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவள் மட்டும் வரவில்லை.

“அவள் உட்கார்ந்ததே இல்லை குருவே,” என்றார் மெதுவாக. “சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.”

சியோரி கிளையை அவர் கையில் கொடுத்தார்.

“நடந்துபோகிறவர் கண்ணில் படும்படி வையுங்கள்.”