மைனாவுக்காகக் கசந்த பூந்தி

அந்தக் காலத்தில் மரமும் பேசும், மைனாவும் பேசும். மனிதர்களுக்குத்தான் காது கொடுக்கப் பொறுமை இல்லை. பொறுமை இருந்த சிலரில் செக்காட்டும் வேலாத்தாள் ஒருத்தி. அவளுக்குப் பேச்சுத் துணை வாசலில் நின்ற பூந்தி மரம். அப்போதெல்லாம் பூந்திப் பழம் கற்கண்டாக இனிக்கும். விடிந்தால் ஊர்ப் பறவையெல்லாம் அதன் கிளையில்தான். மரத்துக்கு அதில் பெருமை தாங்காது.

புதிதாக ஆட்டிய எண்ணெயைக் கசடு அடியில் தங்குவதற்காக அகலமான பாத்திரத்தில் ஊற்றி வெயிலில் வைப்பார்கள். அதன் வாயை மெல்லிய துணியால் வேடு கட்டவேண்டும். யார் வந்து குடிக்கப்போகிறார்கள் என்று அன்று வேலாத்தாள் கட்டாமல் விட்டாள். பிண்ணாக்குப் பொறுக்க வந்த மைனா எண்ணெய்க்குள் விழுந்தது.

தூக்கி எடுத்தாள். உயிர் இருந்தது, சிறகு விரியவில்லை. பூந்தி மரத்துப் பொந்தில் அதன் குஞ்சுகள் பசியில் கத்தின. வேலாத்தாள் ஏறி நீட்டிய புழுவை அவை வாங்கவில்லை. தாயின் அலகுதான் வேண்டுமாம்.

வேலாத்தாள் மைனாவின் மேல் தண்ணீர் ஊற்றினாள், உருண்டு ஓடியது. சாம்பல் பூசினாள், எரிச்சலில் துடித்தது. அதற்குப் பிறகு புத்தி வந்தது. கண்ணில் பட்ட இலையையும் பூவையும் தண்ணீரில் கசக்கி, எண்ணெய் பட்ட தன் முந்தானையில் முதலில் தேய்த்துப் பார்த்தாள். ஆவாரை நிறம் கொடுத்தது, துளசி வாசம் கொடுத்தது. எண்ணெய் மட்டும் அசையவில்லை.

பூந்தி மரம் கடைசியில் வாய் திறந்தது. "அம்மணி, எண்ணெயும் தண்ணியும் மூஞ்சி குடுத்துப் பேசாத சம்பந்திக. நடுவுல ஒருத்தர் நின்னு ரெண்டு பேரு கையவும் புடிச்சாத்தான் ஆகும். அந்தச் சத்து எங்கிட்ட இருக்குது. அது பழத்துல ஏறுச்சுன்னா இனிப்புப் போயிரும்."

இனிப்புப் போனால் பறவைகளும் போய்விடும். தன் தப்புக்கு இன்னொருவர் சொத்தை எப்படிக் கேட்பது? வேலாத்தாள் பொந்தை அண்ணாந்து பார்த்தாள். பொந்தில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. மரம் அதையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உடம்பை ஓர் உலுக்கு உலுக்கியது. பழங்கள் பொலபொலவென்று விழுந்தன.

அவற்றை நசுக்கிப் பானையில் கலக்கினாள். நுரை பொங்கி விளிம்பு தாண்டியது. முந்தானையில் தேய்த்தாள், எண்ணெய் விட்டது. அதன்பிறகே மைனாவைக் குளிப்பாட்டினாள். ஈரம் உலர்ந்ததும் அது நேராகப் பொந்துக்குப் பறந்தது. வேலாத்தாள் அழுதேவிட்டாள்.

மறுநாள் வந்த பறவைகள் கொத்தின, துப்பின, போயின. மரம் வாடி நின்றது.

"போறது போகட்டும் அக்கா," என்றாள் வேலாத்தாள். "இனி அழுக்கு இருக்கிற வூடெல்லாம் உங்களத் தேடி வரும். அழுக்கில்லாத வூடு எங்கீங்க இருக்குது?"

மரம் சிரித்துவிட்டது.

அன்று முதல்தான் பூந்திக்கொட்டை நாக்கில் கசந்து தண்ணீரில் நுரைக்கிறது. பட்டுச் சேலையானாலும் முந்தானை ஓரத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டே நாம் துவைக்கிறோம். தின்ன ஒரு பறவையும் நாடாத அந்த மரத்துக்குக் குஞ்சு பொரிக்க மட்டும் மைனா வந்துகொண்டிருக்கிறது.