கோட்டைச்சாமி அண்ணனுக்குக் கட்டின கயிறு

ஏன்டா, மடத்துல இருந்துட்டு வந்தவன் ஞானத்தைப் பொட்டலம் கட்டிக் கொண்டாந்திருப்பான்னா இப்படிச் சுத்தி ஒக்காந்திருக்கீங்க? காலேஜையே பாதில விட்டவன்டா நான். மடத்துல மட்டும் முழுசா படிச்சிருப்பேனா? சரி, கேளுங்க.

எங்க குரு ஒரு பொம்பள. பேரு வெள்ளையம்மா. எல்லாரும் அம்மான்னுதான் கூப்பிடுவோம். குடிய விடணும்னு வாரவங்களுக்கு, சாமி முன்னாடி கையில கயிறு கட்டிவிடுவாங்க. கயிறு கையில இருக்குற வரைக்கும் குடிக்கக் கூடாது. கயித்த மஞ்சள்ல முக்கித் தர்றது என் வேல.

லாரி ஓட்டுற கோட்டைச்சாமி அண்ணன் மூணாவது தடவையா வந்தாரு. கூட அவரு சம்சாரம் பேச்சியக்கா. ஈரல் கெட்டுப்போச்சு, இனி குடிச்சா உசுரு தங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்.

அம்மா கயித்தக் கீழ வச்சிட்டு, வெறுமனே அவரு கையப் புடிச்சாங்க.

"என்னைக்கிருந்து குடிக்கிற?"

"தம்பி செத்ததுலருந்தும்மா."

"எப்படிச் செத்தான்?"

பின்னாடி வரிசையில நின்ன குடிகாரப் பயலுக பூராம் எட்டிப் பாத்தானுக.

"கெணத்துல வழுக்கி விழுந்தான். மேல இருந்து நான்தான் புடிச்சிருந்தேன். இந்தக் கைதாம்மா. அப்புறம்..."

அவரு அழ ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆம்பள அழுதா என் வாய் சும்மா இருக்காது.

"பாட்டிலப் புடிச்சா மட்டும் உடும்புப்புடியால்லண்ணே இருக்கு"ன்னேன்.

வரிசையே சிரிச்சுச்சு. அவரும் சிரிச்சாரு. மூக்கத் தொடச்சுக்கிட்டு, "கட்டுங்கம்மா, லோடு நிக்கிது"ன்னாரு.

அம்மா என்னைய ஒரு பார்வ பாத்தாங்க. கட்டிவிட்டாங்க.

ஆனியில கட்டுனது. ஆடி முடியல, பேச்சியக்கா வெறும் நெத்தியோட தனியா வந்துச்சு. அண்ணன் அறுத்த கயிறு முந்தானையில முடிஞ்சிருந்துச்சு. "எல்லாம் முடிஞ்சிருச்சும்மா"ன்னுச்சு. தண்ணி கூடக் குடிக்காமப் போயிருச்சு.

அது போன பெறகு கேட்டேன். "ஏம்மா, மூணு தடவையும் கயிறு நிக்கலையே. மந்திரத்துல கொறையா?"

"ரெண்டு தடவ கயிறுதான்டா கட்டுனேன். மூணாவது தடவ, கேப்போம்னு ஒக்காந்தேன்."

நான் மஞ்சக் கிண்ணத்தக் கழுவ எடுத்தேன்.

"'அப்புறம்'னு சொல்ல வந்தானே. அப்புறம் என்னடா?"

"தெரியலம்மா."



வருசக்கணக்கா அண்ணனுக்குள்ள கெடந்தது வாய் வரைக்கும் வந்துச்சுடா. திருப்பி உள்ள தள்ளிவிட்டது நான்தான்.