இரண்டாவது ஸ்லைடு

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து நான்கு. குரு படித்தது இரண்டு வருட லேப் டெக்னீஷியன் படிப்பு. சீடரோ பெயருக்குப் பின்னால் எம்.டி. போட்டுக்கொள்ளும் டாக்டர். இந்த ஏற்பாட்டைப் பார்த்து, மலைமேல் இருந்த அந்தச் சின்ன அரசு மருத்துவமனையே வாய்க்குள் சிரித்துக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மெஷின். ரத்த அணுக்களை எண்ணிச் சொல்கிற மெஷின், சளிக்காய்ச்சல் காலமாகப் பார்த்து மண்டையைப் போட்டது. பழுது பார்க்கும் ஆள் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். வருகிறேன் என்று சொன்னான். ஒரு மாதத்துக்கு மேலாக வந்துகொண்டே இருந்தான்.

அதற்குள் தேயிலைத் தோட்டங்களில் காய்ச்சல் பாடிக்குப் பாடி தாவிவிட்டது. பாடி என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். லேபில் ஜெசிந்தா ஒருவரால் கையால் எண்ணி மாளவில்லை. டாக்டர் நாகலிங்கம் ஒருநாள் தானே லேபுக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கும் சொல்லிக் கொடுங்க, ஜெசிந்தாம்மா. காலேஜ்ல பண்ணினது. சுத்தமா மறந்துபோச்சு.”

“மறந்தது நல்லதுதான் டாக்டர்,” என்றார் ஜெசிந்தா. “கை கழுவிட்டு வாங்க.”

நாகலிங்கத்துக்கு ஓர் எண் தேவைப்பட்டது. வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் ஒரு வகை, லிம்ஃபோசைட் இன்னொரு வகை. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். காய்ச்சல் தானாக ஓய்ந்துபோகிறவர்களுக்கு அது பெரும்பாலும் சின்னதாக இருக்கும், நுரையீரலில் முற்றப் போகிறவர்களுக்கு ஏறும் என்று அவர் கட்டுரை கட்டுரையாகப் படித்திருந்தார். படித்ததோடு நிற்காமல் ஒரு தாளில் எழுதி வார்டுச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தார். மூன்றுக்குள் என்றால் வீடு. ஆறைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். நடுவில் என்றால் இங்கேயே படுக்கை.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. பெரிய மருத்துவமனைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கவேண்டும். இருப்பது ஒரே ஆம்புலன்ஸ். எல்லாரையும் அனுப்ப முடியாது, யாரையும் அனுப்பாமலும் இருக்க முடியாது. யாருக்கு முற்றும் என்று முன்கூட்டியே சொல்ல ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று அந்த மனிதர் தவித்தார்.

முதல் நாளே கேட்டார். “இந்த நம்பரை எவ்வளவு தூரம் நம்பலாம், ஜெசிந்தாம்மா?”

ஜெசிந்தா பதிலுக்கு ஒரு ஸ்லைடை எடுத்தார். அந்தக் கண்ணாடித் துண்டின்மேல் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து, இன்னொரு துண்டால் ஒரே இழுப்பாக இழுத்தார். நாக்கு வடிவில் மெல்லிய பூச்சு விழுந்தது. காயவைத்து, சாயம் ஊற்றிக் கழுவி, மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தார்.

“சின்ன அணு நடுவுல தங்கிடும். பெரிசெல்லாம் ஓரத்துக்கும் வாலுக்கும் போயிடும். நடுவுலயே சுத்திச் சுத்தி வந்தீங்கன்னா லிம்ஃபோசைட்தான் நிறைய மாட்டும். மேலேர்ந்து கீழே போங்க. ஓரத்தைத் தொடுங்க. கொஞ்சம் தள்ளி, திரும்ப மேலே வாங்க.”

“ஓரம் அசிங்கமா இருக்கே. எல்லாம் கசங்கிக் கிடக்கு.”

“இருக்கட்டும். தொட்டுட்டுத் திரும்புங்க.”

பக்கத்தில் ஒரு சின்ன எண்ணும் பெட்டி. ஒவ்வொரு வகைக்கும் ஒரு விசை. நூறு ஆனதும் மணி அடிக்கும். நாகலிங்கம் முதல் வாரம் படாத பாடு பட்டார். கழுத்து வலித்தது, கண் எரிந்தது, ஒருமுறை ஸ்லைடின்மேல் விட்ட எண்ணெய்ச் சொட்டில் மூக்குக் கண்ணாடியையே வைத்துவிட்டார். ஆனால் விடவில்லை. பத்தாம் நாள் அவர் கணக்குக்கும் ஜெசிந்தா கணக்குக்கும் இரண்டு மூன்றுக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. அன்று கேன்டீனில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை முத்துப்பேச்சி வந்தாள்.

முப்பது வயசு இருக்கும். கொழுந்து பறிக்கிறவள். ஐந்து நாளாகக் காய்ச்சல், இருமல். ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி தொண்ணூற்றைந்து காட்டியது. இரு என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல் டாக்டரின் தலையிலேயே பாரத்தை ஏற்றுகிற எண் அது. எக்ஸ்ரே எடுக்கவேண்டுமானாலும் கீழேதான் போகவேண்டும்.

“என்னைய விட்ருங்க சார்,” என்றாள் முத்துப்பேச்சி. “பிள்ளைக ரெண்டும் ஒத்தையில கெடக்கு. அவுக திருப்பூர்ல வேலைக்குப் போயிருக்காக. ரெண்டு நாளா யானை எங்க பாடியச் சுத்துது.”

“பக்கத்து வீட்டுல யாரும் இல்லையா?”

“எல்லாரும் காய்ச்சல்ல படுத்துருக்காக. யானை ரேசன் அரிசி வாசத்துக்கு வரும் சார். போன மாசம் மூணாவது வீட்டுச் செவத்தத் தள்ளிட்டு மூட்டையத் தூக்கிட்டுப் போச்சு. எம் மூத்தவளுக்கு எட்டு வயசு. கதவுக்குப் பின்னால கட்டில நவுத்தி வச்சிக்கிடுன்னு சொல்லிட்டு வந்தேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. நாகலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரைக்கு எஸ்டேட் ஜீப் திரும்பும். அதில் இவளை ஏற்றிவிட்டால் மத்தியானத்துக்குள் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

ஜெசிந்தா வந்து ரத்தம் எடுத்துப் போனார். வழக்கம்போல ஒரு ஆளுக்கு இரண்டு ஸ்லைடு போட்டார். நாகலிங்கம் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெசிந்தா பக்கத்தில் நின்று சாயப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. நியூட்ரோஃபில் அறுபத்தாறு. லிம்ஃபோசைட் இருபத்து நான்கு.

“ரெண்டே முக்கால்!” நாகலிங்கத்தின் முகம் மலர்ந்தது. “தப்பிச்சா. வீட்டுக்குப் போகலாம்.”

வார்டுக்குக் குரல் கொடுத்துச் சொல்லியும் விட்டார். ஜெசிந்தா கையிலிருந்த சாயப் புட்டியைக் கீழே வைத்தார். வாசலுக்குப் போய் நர்ஸிடம், “முத்துப்பேச்சி சீட்டை ஒரு அரை மணி நேரம் கையில வச்சிரும்மா,” என்றார். திரும்பி வந்து அன்று காலையில் போட்ட ஸ்லைடுகளில் மூன்றை எடுத்தார். பென்சிலால் பெயர் எழுதியிருந்த முனையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினார். சீட்டுக் கலைப்பதுபோல் கலைத்து மேஜையில் வைத்தார்.

“இதை எண்ணிக் கொடுத்துட்டுப் போங்க, டாக்டர்.”

“யாரோடது?”

“எண்ணிக் கொடுங்க.”

குரு சொன்னால் சீடர் செய்யவேண்டியதுதானே. நாகலிங்கம் எண்ணினார். முதலாவது இரண்டரை. மூன்றாவது மூன்றும் சொச்சமும். நடுவில் இருந்ததை எண்ணி முடித்ததும் எண்ணும் பெட்டியை உற்றுப் பார்த்தார். நியூட்ரோஃபில் எண்பது. லிம்ஃபோசைட் பத்து.

“ஜெசிந்தாம்மா, இது எட்டு வருது. இந்த ஆளை இங்கே வச்சிருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் எங்கே நிக்குது? யார் இது?”

ஜெசிந்தா பிளாஸ்திரியை உரித்தார்.

முத்துப்பேச்சி என்று எழுதியிருந்தது.

நாகலிங்கம் ஸ்டூலை விட்டு எழுந்தார். சற்றுமுன் எண்ணிய ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதிலும் அதே பெயர், அதே பென்சில்.

“நான் ஒழுங்காத்தானே எண்ணினேன்?”

“எண்ணினீங்க. ஓரத்துக்குப் போகலை.”

“போனேனே!”

“உங்க கை போகலை டாக்டர். நான் பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன். ஓரம் வர்றதுக்கு முந்தியே திரும்பிருச்சு.”

அவருக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. இதுவா அதுவா என்று சந்தேகம் வந்த ஐந்தாறு அணுக்களை லிம்ஃபோசைட் விசையில்தான் தட்டியிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் மனசு லேசாகியிருந்தது. அது இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது.

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா திரும்ப எண்ணியிருப்பீங்க. திரும்பவும் முத்துப்பேச்சியைத்தான் எண்ணியிருப்பீங்க.”

“நீங்களே எண்ணியிருக்கலாமே?”

“ரத்தம் எடுக்கும்போது யானைக் கதையை நானும்தான் கேட்டேன்,” என்றார் ஜெசிந்தா. “போங்க டாக்டர். ஜீப் வந்துரும்.”

வார்டில் முத்துப்பேச்சி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பை மாட்டித் தயாராக நின்றாள். கீழே போகவேண்டும் என்றதும் அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே.

“இப்பத்தான போகச் சொன்னீக? மனுசர் வாயா அது?”

“தப்பா எண்ணிட்டேம்மா.”

இப்படி ஒரு பதிலை ஒரு டாக்டர் வாயிலிருந்து அவள் எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கியது.

“எம் பிள்ளைக?”

“நான் போய்க் கூட்டிட்டு வர்றேன். நீ வர்ற வரைக்கும் என் குவார்ட்டர்ஸ்ல இருக்கட்டும்.”

முத்துப்பேச்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க யானையப் பாத்துருக்கீகளா சார்?”

“போட்டோல பார்த்திருக்கேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

பதினெட்டாவது வளைவில் அவளுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியதாகவும், வண்டியிலேயே ஆக்ஸிஜன் வைத்ததாகவும் மாலையில் போன் வந்தது. இந்நேரம் அவள் பாடியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாகலிங்கம் நினைத்துப் பார்த்தார். பாதியோடு நிறுத்திக்கொண்டார். குவார்ட்டர்ஸுக்குள்ளே, அவர் போய்க் கூட்டி வந்த பிள்ளைகள் இரண்டும் அவருடைய பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துகொண்டிருந்தன.

மூன்று நாள் கீழே பெரிய மருத்துவமனையில் இழுபறி. மூத்தவள் தினமும் காலையில், “அம்மா போன் பேசுச்சா?” என்று கேட்பாள். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் அவளுக்குப் பால் ஆற்றிக் கொடுப்பார். நாலாம் நாள் முத்துப்பேச்சியே பேசினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே ஒரு மூச்சு. ஆனாலும் பேசினாள். இளையவன் சாப்பிடுகிறானா என்று கேட்டாள். நாகலிங்கம் போனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

பதின்மூன்றாம் நாள் இளைத்துக் கறுத்துத் திரும்பி வந்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது, “யானை வந்துச்சா சார்?” என்று மட்டும் கேட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் அது தேவையாக இல்லை.

கோயம்புத்தூர் ஆளும் ஒருவழியாக வந்து சேர்ந்தான். மெஷின் ஓடத் தொடங்கியது. அன்று சாயங்காலம் ஜெசிந்தா பழைய ஸ்லைடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நாகலிங்கம் ஒரு துணியை எடுத்துக்கொண்டு, கழுவியதை வாங்கித் துடைக்க ஆரம்பித்தார். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

“ஜெசிந்தாம்மா, ஒண்ணு கேட்கலாமா?”

“கேளுங்க.”

“நீங்க என்னை மாதிரி எண்ணியிருக்கீங்களா? என்னைக்காவது?”

குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

“ஒரே ஒரு தடவை.”

“யாருக்கு?”

“எங்க வீட்டுக்காரருக்கு.”

நாகலிங்கத்தின் கை நின்றது. ஜெசிந்தாவின் கணவர் பெருந்தொற்று வருடத்தில் இறந்துபோனவர். அது மருத்துவமனையில் எல்லாருக்கும் தெரியும். எப்படி என்று அவரிடம் கேட்டவர்கள் இல்லை. இனிக் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

“எவ்வளவு வந்துச்சு?”

“ரெண்டு.”

ஜெசிந்தா குழாயை மூடினார். கையில் இருந்த ஸ்லைடை ஈரத்தோடு அவரிடம் நீட்டினார்.

“அவ்வளவு சந்தோஷமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன், டாக்டர்.”