ஆட்சேபணை இல்லை

ஆற்றுப்பாலத்துக்குத் தெற்கே இரண்டு அறை கொண்ட ஓட்டு வீட்டை ஊரார் மடம் என்பார்கள். அங்கே இருந்த அம்மையின் பெயர் ஞானாம்பிகை. வயது நாற்பது ஆகவில்லை. அதிகம் பேசமாட்டார். அதற்காகவே சிலர் அவரைத் தேடி வந்தார்கள்.

அவர்களில் ஆவுடையப்பன் ஒருவர். அறுபத்தொரு வயது. நகராட்சி தினசரிச் சந்தையில் கயிறு, துடைப்பம், முறம் விற்கிற கடை வைத்திருந்தார். மனைவி காலமாகி, மகளும் கல்யாணமாகிப் போனபின், நான்கு வருடமாக வெள்ளிதோறும் மடத்துக்கு வந்து அம்மையின் எதிரில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

மார்ச் மாதக் கடைசி வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்து நின்றார்.

“எனக்குத் தீட்சை கொடுக்கணும்மா. கடையை விட்டுட்டேன்.”

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். “எப்போ விட்டீங்க?”

“இந்த மாசத்தோட உரிமம் முடியுது. புதுப்பிக்கப் போறதில்ல. பற்று போயிட்டு.”

“புதுப்பிச்சிட்டு வாங்க.”

“விடப்போற கடைக்கு எதுக்கும்மா உரிமம்?”

“புதுப்பிச்சிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அம்மை அடுத்த கொத்தை எடுத்தார்.

ஆவுடையப்பன் நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். குமாஸ்தா ஒரு விண்ணப்பத்தை நீட்டினார்.

“போட்டோ ஒண்ணு, பழைய உரிமத்தோட நகல் ஒண்ணு. இந்த வருஷம் புதுசா ஒரு விதி வந்திருக்கு. கடை அதன் அளவுக்குள்ள இருக்கு, எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு வலதுபக்கமும் இடதுபக்கமும் இருக்கிறவங்க கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினா கடை ஏலத்துக்குப் போயிடும்.”

“நோட்டீஸ் பாத்தேன்” என்றார் ஆவுடையப்பன்.

இடதுபக்கம் வெற்றிலைக்கடை. வெற்றிலைக்காரர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். வலதுபக்கம் சலேத்மேரியின் கருவாட்டுக்கடை. நடுவில் ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்திருந்தது. அடித்தவர் ஆவுடையப்பன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், கருவாட்டு நாற்றத்தால் தன் வியாபாரம் கெடுகிறது, கிருமி பரவுகிறது என்று அவர் நகராட்சிக்கு மனு எழுதிப் போட்டார். அதிகாரிகள் வந்து சலேத்மேரியின் கடைக்குப் பதினோரு நாள் சீல் வைத்தார்கள். அந்த நாட்களில்தான் தகரம் அடித்தார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

ஆவுடையப்பன் மறுபடி குமாஸ்தாவிடம் போனார். “ஒரு பக்கத்துக் கையெழுத்து போதாதா?”

“ரெண்டு கட்டம் இருக்கு பாத்தீங்களா? ரெண்டும் நிறையணும்.”

பழைய கவுன்சிலர் ஒருவரைப் பிடித்துப் பார்த்தார். “இப்பல்லாம் எல்லாம் கம்ப்யூட்டர், அண்ணாச்சி” என்று அவர் கையை விரித்துவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் மடத்துக்கு வந்தார்.

“ஒரு கையெழுத்துதாம்மா பாக்கி. அது கிடைக்காது.”

“கேட்டீங்களா?”

“கேக்காமலே தெரியும்.”

“அப்போ கேக்கல.”

ஆவுடையப்பன் மனுவைப் பற்றியும் தகரத்தைப் பற்றியும் முதல்முறையாக வாய்திறந்து சொன்னார். அம்மை குறுக்கே பேசவில்லை. எல்லாம் சொல்லி முடித்தபின் ஒன்றே ஒன்று கேட்டார்.

“இந்த விதி வந்தது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“போன வாரம் திங்கக்கிழமை. சந்தை வாசல்ல நோட்டீஸ் ஒட்டினப்போ.”

“பற்று போனது?”

அவர் தரையைப் பார்த்தார். “அதுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை” என்றார்.

அம்மை சிரிக்கவில்லை. கையை நீட்டி விண்ணப்பத்தை வாங்கினார். கையெழுத்துக்கு மேலிருந்த வரியை மெதுவாக வாசித்தார். “‘மேற்படி கடை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது.’ இருக்கா?”

ஆவுடையப்பன் தாளைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினார்.

“அதை அளந்து பாத்துட்டு வாங்க” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அளக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. நகராட்சி போட்ட மஞ்சள் கோட்டுக்கு ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளித்தான் தகரம் நின்றது. அடிக்கும்போதே தெரியும். பக்கத்துக்கடை பூட்டிக் கிடந்தது, கேட்க ஆள் இல்லை, அடித்தார். பிறகு துடைப்பக் கட்டுகளை அதன்மேல் சாய்த்து வைக்கப் பழகி, அந்த ஒரு சாணும் தன்னுடையதாகவே ஆகிவிட்டது.

வியாழக்கிழமை மதியம், சந்தையில் கூட்டம் ஓய்ந்திருந்தபோது, துடைப்பக் கட்டுகளை நகர்த்தினார். ஸ்பானரை எடுத்துத் துருப்பிடித்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசி போல்ட் கழன்றதும் தகரம் அவர்மேல் சாய்ந்தது. விழாமல் மறுபக்கத்திலிருந்து ஒரு கை பிடித்துக்கொண்டது.

இருவருமாகத் தகரத்தைக் கீழே கிடத்தினார்கள். சலேத்மேரியின் தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை.

“எதுக்கு அண்ணாச்சி பிரிச்சீங்க?”

“ஒரு சாண் உங்க பக்கம் நின்னுச்சு.”

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் கேக்கல?”

“மனு எழுதுன ஆளுகிட்ட என்னத்தைக் கேக்க? அந்தப் பதினோரு நாளும் சரக்கை வீட்டு வாசல்ல போட்டு வித்தேன். தெருக்காரங்க அதுக்கும் ஒரு மனு குடுத்தாங்க.” முறையிடுகிற குரலில் இல்லாமல், விலை சொல்வதுபோலச் சொன்னார்.

ஆவுடையப்பன் சட்டைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். “நான் செஞ்சது தப்பு. இப்போ உங்ககிட்டதான் வந்து நிக்குதேன்.”

சலேத்மேரி தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். குனிந்து மஞ்சள் கோட்டைப் பார்த்தார். கோட்டின் இரு முனைகளையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“கடை அளவுக்குள்ள இருக்கு. கையெழுத்து அதுக்குத்தான் அண்ணாச்சி. மத்ததுக்கு இல்ல.”

“சரி.”

சலேத்மேரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு தராசுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அவருடைய கடைக்கான விண்ணப்பம். ஒரு பக்கம் கையெழுத்தாகியிருந்தது. மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

“எட்டு நாளா வச்சிருக்கேன். நீங்க கடையை விடப்போறதா சந்தையில பேசிக்கிட்டாங்க. பூட்டுன கடைக்கு யாரு போடுவாங்கன்னு குமாஸ்தாகிட்ட கேட்டேன். யாரும் போடலன்னா விண்ணப்பம் தள்ளுபடின்னாரு.”

ஆவுடையப்பன் அந்த வெறும் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்க எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே.”

“நீங்க?” என்றார் சலேத்மேரி.

ஆவுடையப்பன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் இருவரும் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று விண்ணப்பங்களைக் கொடுத்தார்கள். வழியிலும் வரிசையிலும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துப் போனார். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் உரிமம் கைக்கு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆவுடையப்பன் அதை எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்து, நடந்ததை எல்லாம் சொன்னார்.

“நான் விட்டுட்டுப் போயிருந்தா ரெண்டாந்தரமும் அவங்க கடை மூடியிருக்கும்மா. இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாமலா புதுப்பிக்கச் சொன்னீங்க?”

“ஆமா.”

வெளியே பாலத்தின்மேல் பஸ் ஒன்று போய் மறைந்தது.

“இப்போ நீங்க சொன்னபடி செஞ்சிட்டேன். தீட்சை கொடுப்பீங்களா? தீட்சை வாங்குனா புதுப்பேரு வைப்பாங்கல்லா. எனக்கு என்ன பேரு வைப்பீங்க?”

அம்மை அவரைப் பார்த்தார். “அந்த அம்மாவோட தாள்ல கையெழுத்துப் போட்டீங்களே, அதுக்குக் கீழ என்ன அச்சடிச்சிருந்துச்சு?”

ஆவுடையப்பன் யோசித்தார்.

“‘பக்கத்துக் கடைக்காரர்’.”

“அந்தப் பேரே இருக்கட்டும்” என்றார் அம்மை.