சிறுவாட்டுக் கலயம்

முன்னொரு காலத்தில் மருதங்கரை என்னும் பட்டணத்தை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். ஆனால் இந்தக் கதை அவரைப் பற்றியதல்ல. அவர் கையால் வள்ளல் பட்டம் வாங்க இருந்த ஒருவனைப் பற்றியது. அவனை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. உங்களுக்கும் வர வேண்டும் என்றுதான் சொல்கிறேன், கேளுங்கள்.

அவன் பெயர் சாத்தப்பன். மிளகு வியாபாரி. கொடுப்பதில் அவனுக்கு ஈடில்லை என்று ஊரே பேசியது. கோயில் குளத்துக்குப் படி கட்டினான். சத்திரத்துக்கு அரிசி அளந்தான். திருவிழாவுக்குப் பந்தல் போட்டான். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அவன் கை தானாக மடிக்குப் போய்விடும்.

வீட்டில் பார்க்க யார் இருக்கிறார்கள்! மனைவி உமையாள் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றால், "போன வாரந்தானே வாங்குனேன்" என்பான். அரிசி போதவில்லை என்றால், "அளவா பொங்கு" என்பான். மகள் மெய்யம்மைக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது என்றபோது, "சின்னப் பிள்ளதானே, வளர வளரச் சரியாப் போயிரும்" என்றான்.

சரியாகவில்லை. கண்ணில் வெள்ளையாகப் படலம் படர்ந்தது. ஆண்டுதோறும் மாசி மாதத்தில் மலைநாட்டிலிருந்து ஒரு கண் வைத்தியர் அந்த ஊருக்கு வருவார். கெட்டிக்காரர்தான், ஆனால் பொன்னைக் கையில் வாங்காமல் மருந்துப் பையை அவிழ்க்கமாட்டார்.

உமையாள் புருஷனை நம்பவில்லை. தயிர் விற்றுச் சேர்த்தாள். நூல் நூற்றுச் சேர்த்தாள். பொங்கலுக்குப் புடவை வேண்டாம் என்று சொல்லி அந்தக் காசையும் சேர்த்தாள். எல்லாம் நெற்குதிருக்குள் ஒரு கலயத்தில் இருந்தது. இப்படிச் சேர்ப்பதற்குச் சிறுவாடு என்று பெயர். வீட்டுப் பெண்ணின் சிறுவாட்டைப் புருஷன் தொடமாட்டான். எங்கே வைத்திருக்கிறாய் என்றுகூடக் கேட்கமாட்டான். அந்த ஊரில் குடிகாரன்கூட மீறாத வழக்கம் அது.

நம் வள்ளல் மீறினான். தை மாதத்தில் ஒரு நாள், கோயில் சபையில் எண்ணெய் வியாபாரி ஒருவர் வெண்கல விளக்குத் தருவதாகச் சொல்ல, இவனுக்குப் பொறுக்கவில்லை. "நான் மணி தர்றேன்! நாலு ஊருக்குக் கேக்குற மணி!" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் காசு இல்லை. உமையாள் தயிர் விற்கப் போன நேரம் பார்த்துக் குதிருக்குள் கையை விட்டான்.

மாசி பிறந்தது. வைத்தியர் வந்தார். உமையாள் மகளைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டுக் கலயத்தை எடுத்தாள். அது வெறுமையாக இருந்தது.

"நான் என்ன குடிச்சா அழிச்சேன்? சூதாடினேனா? சாமிக்குத்தானே குடுத்தேன்!" என்று அவளிடமே கத்தினான் சாத்தப்பன். நியாயத்தைக் கேட்டீர்களா! திருடியவன் கத்தினான், பறிகொடுத்தவள் நின்றாள். வைத்தியர் பையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

பங்குனியில் மணி கோயிலில் ஏறியது. ராஜாவே வந்தார். பெருங்கொடை கொடுத்தவன் தலையில் கோயில் பட்டுத் துணியைப் பரிவட்டமாகக் கட்டி, வள்ளல் பட்டம் தருவது அங்கே முறை. கொடை கொடுத்தவனின் வீட்டார் கையால்தான் அதைக் கட்ட வேண்டும். வீட்டில் எல்லோரும் மனமாரக் கொடுத்தோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

சாத்தப்பன் தலையைக் குனிந்து நின்றான். கட்டியக்காரன் உமையாளைக் கூப்பிட்டான். அவள் எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டான். "மானத்த வாங்காத, வந்து கட்டு" என்று சாத்தப்பன் பல்லைக் கடித்தான். அவள் எழவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்டபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பட்டுத் துணியை வாங்கினாள். குனிந்திருந்த தலையைத் தாண்டிப்போய் மெய்யம்மையின் தலையில் கட்டினாள்.

கூட்டம் சலசலத்தது. "என்னம்மா இது?" என்றார் ராஜா.

"மணியக் குடுத்தது இவதான் மகாராசா. இவ கண் வைத்தியத்துக்கு நான் சேத்த சிறுவாடு அது. எனக்குத் தெரியாம எடுத்து மணியா வாத்துத் தொங்கவிட்டுட்டாரு. கேட்டா சாமிக்குன்னாரு. சாமிக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. என் பிள்ளைக்குத்தான் தெரியல."

"சிறுவாட்டில் கை வைத்தாயா?" என்று ராஜா கேட்டார்.

"புண்ணியம் அவளுக்கும் சேரும்னு நெனச்சேன்" என்றான் சாத்தப்பன். அப்போதும் அவன் தலை பட்டுக்காகக் குனிந்தே இருந்தது. வெட்கம் கெட்டவன்!

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கோயிலுக்குக் கொடுத்ததை அவராலும் திரும்ப எடுக்க முடியாது. சாத்தப்பனின் மிளகு மூட்டைகளை அன்றே விற்கச் சொல்லி, அந்தப் பொன்னை உமையாளிடம் கொடுத்தார். வைத்தியரைத் தேடிக் குதிரைகள் போயின. ஊர் ஊராகத் தேடி அழைத்துவருவதற்குள் வைகாசி வந்துவிட்டது. மெய்யம்மைக்கு ஒரு கண்ணில்தான் பார்வை திரும்பியது. மற்றதைப் பார்த்துவிட்டு, "மாசியிலேயே காட்டியிருக்கலாமே" என்றார் வைத்தியர்.

சாத்தப்பன் ஆசைப்பட்டபடியே மணி நாலு ஊருக்குக் கேட்டது. அது அடிக்கும்போதெல்லாம் நாலு ஊர்க்காரர்களும், "மெய்யம்மை மணி அடிக்குது" என்றார்கள். அவன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. சாகிற வரைக்கும் தினம் இரண்டு வேளை அவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும்.

வீட்டில் ஒருவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை, அவருக்குத் தெரியாமல் எடுத்து யாருக்குக் கொடுத்தாலும், அது தருமம் ஆகாது, திருட்டுத்தான்.