பரிசாகக் கிடைத்த கிணறுகள்

மழை என்றால் என்னவென்று பெரியவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பாலைவன நாட்டை, முன்னொரு காலத்தில் மகுடவேலன் என்ற ராஜா ஆண்டுவந்தான். அங்கே ஆழமாகத் துளை போட்டால் போதும், இறைக்காமலே தண்ணீர் பீறிட்டு வரும். அதனால் ராஜாவுக்கு யார்மேல் குஷி பிறந்தாலும் பரிசு ஒன்றுதான். "போ, உன் வீட்டில் ஒரு கிணறு வெட்டிக்கொள்!" ஜால்ரா தட்டியே தளவாய் வீரகேசரி ஒன்பது கிணறு வாங்கிவிட்டார்.

அத்தனையையும் வெட்டியவள் கிணறு வெட்டும் வெள்ளாத்தாள். "போதும், இனி வேண்டாம்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். யார் கேட்டார்கள்?

ஒருநாள், பனைமர உயரம் எழும்பும் அரண்மனை ஊற்று ராஜாவின் முழங்காலோடு நின்றுவிட்டது.

"இவள் வெட்டிய லட்சணம்தான், அரசே!" என்று வெள்ளாத்தாளைக் காட்டி வீரகேசரி பற்றவைத்தார்.

ராஜா கொதித்துப்போனான். "நாளைக்குள் ஊற்றைப் பழையபடி எழுப்பு. இல்லையென்றால் சொட்டுத் தண்ணீர் தராமல் உன்னைப் பாலைவனத்துக்குத் துரத்துவேன்!"

வெள்ளாத்தாளுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

மறுநாள் ஒட்டகத்தின்மேல் ஏற்றும் பெரிய தோல்பை நிறையத் தண்ணீரோடு சபைக்கு வந்தாள். "அரசே, தண்ணீருக்கு உங்கள் கனம் தெரியவில்லை. இதன்மேல் கொஞ்சம் உட்காருங்கள்."

அதுவும் நியாயம்தான் என்று ராஜா உட்கார்ந்தான். அவள் கோணூசியால் ஒரு குத்துக் குத்தினாள். தண்ணீர் விதானம்வரை பீறிட்டது.

"பார்த்தீர்களா என் கனத்தை!" என்று ராஜா மீசையை முறுக்கினான்.

"மகாராஜா மனம் குளிர்ந்துவிட்டது. ஆளுக்கொரு கிணறு போட்டுக்கொள்ளுங்கள், சாமி" என்று ஊசியைச் சபையிடம் நீட்டினாள். எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். வீரகேசரி பழக்கதோஷத்தில் ஒன்பது குத்துக் குத்தினார். பீறிட்ட தண்ணீர் படுத்துவிட்டது. பை வற்ற வற்ற ராஜாவும் இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ஈர வேட்டியோடு தொப்பென்று தரையில் உட்கார்ந்தான்.

வெள்ளாத்தாள் ஊசியைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மண்ணுக்கு அடியில் இருப்பதும் ஒரே பைதான், மகாராஜா. துளை கூடக் கூட எல்லாருக்குமே படுத்துவிடும். அப்புறம் என்னைத் துரத்துவானேன்? நாடே என் பின்னால் பாலைவனத்துக்கு வரவேண்டியதுதான்."

ராஜா தன் ஈர வேட்டியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "கெட்டிக்காரி! பிடி பரிசு! உன் வீட்டில் ஒரு கிண..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வெட்டக் கிணறு வேண்டாம், அரசே. மூடக் கிணறு கொடுங்கள். முதலில் தளவாய் வீட்டு ஒன்பது. களிமண் கூடையை அவரே சுமக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்!"

வீரகேசரி முக்கி முனகி ஒன்பதாவது கிணற்றை அடைத்த அன்று, அரண்மனை ஊற்று ராஜாவின் மார்பளவுக்கு எழும்பியது. ராஜாவுக்குக் குஷி தாங்கவில்லை. தளவாயைப் பார்த்து, "சபாஷ்! உனக்கு..." என்று வாயைத் திறந்தான்.

சபை முழுவதும் ஓடிப்போய் அந்த வாயைப் பொத்தியது.