கழுதை பார்த்த நாய் ஜாதி

கண்மாய்க்குக் கீழே, அறுப்பு முடிந்த வயலில் ஒரு செம்மறிக் கிடை போட்டிருந்தார்கள். ராத்திரியில் ஆடுகள் வயலில் படுக்கும், புழுக்கை வயலுக்கு உரமாகும். பகலில் கிடைக்காரர் சேவுகன் ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போய்விடுவார். கூட நடக்க முடியாத பச்சைக் குட்டிகளை மட்டும் ஓலைக் கூட்டுக்குள் அடைத்துவிட்டுப் போவார். கூட்டுக்கு ஒரு நாய் காவல். அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த நாய் பாம்பு கடித்துச் செத்துப்போனது.

அதே வாரத்தில் இரண்டு நாய்கள் வந்து சேர்ந்தன. இரண்டுமே அந்தப் பக்கத்து நாய் இல்லை. ஒன்று செவலை. காது கிழிந்து, விலா எலும்பு தெரிய, எங்கிருந்தோ நடந்தே வந்திருந்தது. இன்னொன்று வெள்ளை. நல்ல உயரம், ரோஸ் நிற மூக்கு, மினுமினுப்பான தோல். அதை யாரோ காரில் கொண்டுவந்து கண்மாய்க் கரையில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

இரண்டு நாய்க்குக் கஞ்சி ஊற்றச் சேவுகனால் முடியாது. எதை வைத்துக்கொள்வது என்பதற்கு அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. புது நாயை ஆட்டுக்குள்ளே விட்டுப் பார்ப்பார். ஆடுகள் மிரளாமல் நின்றால் நாய் தங்கும். மிரண்டு சிதறினால் கம்பை எடுத்து விரட்டிவிடுவார். ஆகவே நாயைத் தேர்ந்தெடுப்பது ஆடுகள்தான். இது ஆடுகளுக்கும் தெரியும்.

கரிமூக்கி என்கிற ஆட்டுக்குத்தான் இதில் அதிகக் கவலை. போன ஈத்தில் போட்ட குட்டி காய்ச்சலில் போய்விட்டது. இந்த ஈத்தில் ஒரே ஒரு பெண் குட்டி. இப்போதுதான் கால் ஊன்றப் பழகிக்கொண்டு, கூட்டுக்குள் கிடந்தது. அதனால் அவள் நேராகச் செவலையிடம் போய், காவலுக்கு வைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டாள்.

செவலை யோசிக்கவே இல்லை.

"கூட்டுக்குப் பின்னால முள்வேலி இத்துப்போய்க் கிடக்கு. அது வழியா நரி வந்து மோந்துட்டுப் போயிருக்கு, தடம் புதுசா இருக்கு. நான் அங்கதான் படுப்பேன்."

கரிமூக்கிக்கு அது போதும். ஓடிப்போய், கிடைக்குத் தலைவனான கொம்பன் கிடாவிடம் சொன்னாள்.

"இரு தாயி," என்றான் கொம்பன். "வர்ற நாயையெல்லாம் சேத்துக்க இது என்ன சந்தையா? மொதல்ல என்ன ஜாதின்னு பாக்கணும். கழுதையண்ணன் வந்து சொல்லட்டும்."

கழுதை அந்தக் கிடையின் சட்டி பானையைச் சுமப்பது. முன்னால் டவுனில் செங்கல் சுமந்தபோது, ஜாதி நாய் வளர்த்து விற்கிற ஒருத்தர் வீட்டுக்குப் பின்னால் கட்டிக் கிடந்ததாம். சுவருக்கு அந்தப் பக்கம் நாய்கள், இந்தப் பக்கம் கழுதை. நாயைப் பார்த்ததைவிடக் குரைப்பைக் கேட்டதுதான் அதிகம். ஆனாலும் நாய் என்று பேச்சு வந்தால் கழுதையைக் கேட்காமல் அங்கே யாரும் வாய் திறப்பதில்லை.

கழுதை செவலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"உங்கப்பன் என்ன ஜாதி?"

"தெரியாது. பாத்ததில்ல."

"ஆத்தா?"

"லாரியில அடிபட்டுச் செத்துட்டா."

"செத்த கதையா கேட்டேன்? ஜாதியைக் கேட்டேன்."

கழுதை செவலையை மறுபடி மேலும் கீழும் பார்த்தது. நிறத்தைப் பார்த்தால் கோம்பை ஜாதி மாதிரி இருக்கிறது, ஆனால் கோம்பை இல்லை. காலைப் பார்த்தால் சிப்பிப்பாறை மாதிரி இருக்கிறது, ஆனால் அதுவும் இல்லை. ஆகவே இது கலப்பு என்று கழுதை தீர்ப்புச் சொன்னது. கலப்பு நாய் பசித்தால் குட்டியையே கடிக்கும் என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டது. அது பொய் என்று கழுதைக்கே தெரியாது. வாய்க்கு வந்ததை அடித்துவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு வெள்ளையிடம் போய் அதே கேள்விகளைக் கேட்டது. வெள்ளை எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டாம் முறை கேட்டும் திரும்பவில்லை.

"பாத்தியா கொம்பா! இதுதான் ராஜபாளையம். ஜாதி நாய் கண்டவன் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லாது. அந்த நிமிர்வைப் பாரு."

ஆடுகள் எல்லாம் அந்த நிமிர்வைப் பார்த்தன.

செவலை உள்ளே வந்தால் மிரண்டு ஓட வேண்டும், வெள்ளை வந்தால் அசையாமல் நிற்க வேண்டும் என்று கொம்பன் உத்தரவு போட்டான். நரித் தடத்தைப் பார்த்துச் சொன்னது செவலைதானே என்று கரிமூக்கி முனகினாள். அப்படியானால் நீ அந்தக் கலப்போடு தனியாகக் கிடை போட்டுக்கொள் என்றான் கொம்பன். மற்ற ஆடுகள் சிரித்தன.

மறுநாள் சேவுகன் செவலையை ஆட்டுக்குள் விட்டார். புலி வந்ததுபோல ஆடுகள் நாலு பக்கமும் சிதறின. கரிமூக்கி ஒரு நொடி நின்றாள். எல்லாரும் ஓடுகிறார்களே என்று அவளும் ஓடினாள். கம்பு செவலையின் முதுகில் விழுந்தது. அது ஒருமுறை கரிமூக்கியைப் பார்த்தது. பிறகு நொண்டிக்கொண்டே வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டது.

வெள்ளை தங்கியது. சேவுகன் விசிலடித்தால் அது திரும்பாது. புது இடம், போகப்போகப் பழகிவிடும் என்று அவரும் விட்டுவிட்டார்.

ஒரு நாள் உச்சி வெயிலில், ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்த நேரம், இத்துப்போன முள்வேலி வழியாக நரி வந்தது. கூட்டின் ஓலையைப் பல்லால் பிய்த்தது. குட்டிகள் தொண்டை கிழியக் கத்தின. கூட்டுக்கு முன்பக்க நிழலில் வெள்ளை கால் நீட்டிப் படுத்திருந்தது. எதையும் கேட்கவில்லை. நரி தன்னிடம் அகப்பட்ட ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு, வந்த வழியே நடந்து போனது. ஓடக்கூட இல்லை.

அது கரிமூக்கியின் குட்டி.

சாயங்காலம் சேவுகன் வந்து பார்த்தார். வெள்ளையின் தலைக்குப் பின்னால் போய் நின்று கையைத் தட்டினார். ஒரு சட்டியை எடுத்துத் தரையில் போட்டு உடைத்தார். வெள்ளை அசையவில்லை. காரில் வந்தவர்கள் ஏன் இறக்கிவிட்டுப் போனார்கள் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. நாய்மேல் குற்றம் இல்லை. தனக்குக் காது கேட்கும் என்று அது யாரிடமும் சொல்லவில்லை.

ஆடுகள் எல்லாம் கழுதையைப் பார்த்தன.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க?" என்றது கழுதை. "நான் ஜாதியைத்தான் சொன்னேன். சொன்னது சரிதான். சுத்த வெள்ளையில செவிடு பிறக்கும். இது செவிடுன்னா ஜாதி இன்னும் உறுதியாச்சுன்னு அர்த்தம்."

கொம்பனுக்கு அதைக் கேட்டு நிம்மதி. நம்ம முடிவு தப்பில்லை, நேரம்தான் சரியில்லை என்று மற்ற ஆடுகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குட்டி எதுவும் கூட்டில் இல்லை.

கரிமூக்கி பால் கட்டிய மடியோடு வாய்க்கால் கரைக்குப் போனாள். அக்கரையில் வேறொரு கிடை. அங்கே குட்டிக் கூட்டுக்குப் பின்னால் செவலை படுத்திருந்தது. அந்தக் கிடையில் அதைப் பார்த்து யாரும் மிரளவில்லை. ஜாதி சொல்ல அங்கே கழுதை இல்லை.

என் குட்டியை நரி தூக்கிட்டுப் போயிருச்சு, மத்த குட்டிகளையாவது காப்பாத்த வந்துரு என்று கரிமூக்கி அழுதாள்.

செவலை எழுந்து நின்றது. கோபமாகக்கூடப் பேசவில்லை.

"மத்தவங்க ஓடுனது எனக்குப் பெருசில்ல தாயி. அவங்ககிட்ட நான் நரித் தடத்தைச் சொல்லல. உன்கிட்டதான் சொன்னேன். நீயும்தானே ஓடுன?"

 செவலை திரும்பிப் போய்த் தன் இடத்தில் படுத்துக்கொண்டது.

பிறப்பைப் பார்த்துக் காவல் கொடுக்கிறவர்கள் பிள்ளையை நரிக்குத்தான் கொடுக்கிறார்கள். தப்பென்று தெரிந்தும் கூட்டத்தோடு ஓடியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.